எத்தனை தரம் என்றால் அடிக்கடி?

ஆங்கில இலக்கணம் படிப்பிக்கும் ரியூசன் கொட்டில்களில் ஒரு அட்டவணை தவறாமல் வரும். உச்சியில் ‘ஆல்வேஸ்’, 100 வீதம். அதற்குக் கீழே ‘யூசுவலி’, 90. பிறகு ‘ஒஃபன்’, 70. ‘சம்டைம்ஸ்’, 50. ‘ரெயர்லி’, ஐந்தோ பத்தோ. அடியில் ‘நெவர்’, பூச்சியம். புத்தகத்துக்குப் புத்தகம் இலக்கம் முன்பின்னாக இருந்தாலும் ஏணி ஒன்றுதான். பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள், பரீட்சையில் இடைவெளி நிரப்புகிறார்கள், புள்ளியும் கிடைக்கிறது. எந்தச் சொல் மேலே, எது கீழே என்ற வரிசையைப் பிடித்துக்கொள்ள அந்த அட்டவணை உதவும். அந்த மட்டில் குற்றமில்லை. அந்த 70ஐ நம்பத் தொடங்கினால்தான் வில்லங்கம்.

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒருவர் ‘நான் அடிக்கடி கோணேசர் கோயிலுக்குப் போறனான்’ என்று சொன்னால், ஆண்டில் 255 நாள் போகிறார் என்று யாரும் எடுப்பதில்லை. மாதத்தில் இரண்டு வெள்ளி போனாலே அந்தப் பேச்சில் பொய்யில்லை. அதே மனிதர் ‘அடிக்கடி தேத்தண்ணி குடிப்பன்’ என்றால் மாதம் இரண்டு கோப்பை என்றா நினைப்போம்? நாளுக்கு ஆறு என்றாவது கணக்கு வைப்போம். மூன்று தரம் தாலி கட்டியவரைப் பற்றி ‘அவருக்கென்ன, அடிக்கடி கலியாணம்’ என்று ஊர் சிரிக்கும். அங்கே ஆயுளுக்கு மூன்று தாராளம். ஆண்டுக்கு 24, ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல், வாழ்நாளில் 3. மூன்று இடத்திலும் சொல் ஒன்றேதான், மூன்றிலும் சரியாகத்தான் பொருந்துகிறது.

இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் றே சிம்ப்சன் என்ற ஆய்வாளர் 1944இல் மாணவர்களிடம் இப்படியான சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை தரத்தைக் குறிக்கிறது என்று எழுதச் சொன்னார். 1968இல் மில்ட்டன் ஹேக்கல் அதே வேலையைத் திரும்பச் செய்து, ‘ஒஃபன் என்றால் எவ்வளவு ஒஃபன்?’ என்று தலைப்பிட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். இடையில் 24 ஆண்டு போயிருந்தும் சராசரிகள் பெரிதாக அசையவில்லை. ஆனால் ஆளுக்காள் கொடுத்த இலக்கங்களுக்கிடையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒருவருடைய ‘அரிதாக’ இன்னொருவருடைய ‘சிலநேரம்’. ரியூசன் அட்டவணையில் நிற்கும் இலக்கங்கள் இந்த மாதிரியான சராசரிகளின் தூரத்து உறவினர் என்றுதான் தோன்றுகிறது. சராசரியை எழுதிய கை, அதைச் சுற்றியிருந்த சிதறலை எழுதாமல் விட்டுவிட்டது.

ஆளுக்காள் மட்டுமில்லை, விஷயத்துக்கு விஷயமும் மாறும். 1974இல் பெப்பர், பிரிட்டுலக் என்ற இருவர் ‘ஃப்ரீக்குவென்ட்லி’ என்ற சொல்லை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஹொலிவூட் கௌபோய்ப் படங்களில் துவக்குச்சூடு அடிக்கடி நடக்கிறது என்றால் எத்தனை தரம்? பூமியதிர்ச்சி அடிக்கடி வருகிறது என்றால் எத்தனை தரம்? துவக்குச்சூட்டுக்குப் பெரிய இலக்கம் விழுந்தது, பூமியதிர்ச்சிக்குச் சிறிய இலக்கம். மெத்த நடப்பது என்று ஏற்கெனவே தெரிந்த காரியத்துக்கு ‘அடிக்கடி’ என்ற பெயர் கிடைக்க நிறைய வேண்டும். அபூர்வமான காரியம் கொஞ்சம் தலைகாட்டினாலே அந்தப் பெயரை வாங்கிவிடும்.

1985இல் ஜெர்மனியில் நோர்பர்ட் ஷ்வார்ஸும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. நாளுக்கு எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரு கூட்டத்துக்குக் கொடுத்த விடைப்பட்டியல் ‘அரை மணித்தியாலம் வரை’ என்று தொடங்கி ‘இரண்டரைக்கு மேல்’ என்று முடிந்தது. மற்றக் கூட்டத்தின் பட்டியல் ‘இரண்டரை வரை’ என்று தொடங்கி ‘நாலரைக்கு மேல்’ வரை போனது. இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதற் கூட்டத்தில் 16.2 வீதம், இரண்டாவதில் 37.5 வீதம். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பட்டியலின் நடுவைப் பார்த்து, ‘ஊர் உலகத்தில் இவ்வளவுதான் பார்க்கிறார்கள் போல’ என்று நினைத்துத் தங்களை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை நினைவில் இருந்து வரவில்லை. ‘வழமை’ என்று எதை நினைத்தார்களோ அதிலிருந்து வந்தது.

ஆகவே ‘அடிக்கடி’ என்பதை எண்ணிக்கைச் சொல் என்று வகுப்பதே தவறு என்பது என் கட்சி. நாம் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் அது அளக்கிறது. உப்புவெளியில் இதைப் பார்க்க மழையை எடுத்துக்கொள்ளலாம். திருகோணமலையின் ஆண்டு மழை சுமார் 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை, வாடைக்காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை வெயில். கடலும் கரையோரத்தில் அடங்கிக் கிடக்கும், வெள்ளைக்காரர் வந்து குளிப்பார்கள். யூலையில் ஹோட்டல்காரர் ‘இந்த மாதம் அடிக்கடி மழை’ என்று சலித்துக்கொண்டால், மூன்று பின்னேரம் இடிமழை பெய்திருக்கும், அவ்வளவுதான். நவம்பரில் மூன்றே நாள் பெய்தால் அதே வாய் ‘இந்த முறை மழையைக் காணேல்லை’ என்று சொல்லும். கேட்கிறவரும் அதே ஊர், அதே நாட்காட்டி தலைக்குள் இருக்கிறது. பிழையாக விளங்க வழியில்லை.

தமிழ் இந்தச் சொற்களை எப்படிக் கட்டியிருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. அடிக்கடி என்பது ‘அடிக்கு அடி’: கால் வைக்கும் இடமெல்லாம். இடைக்கிடை என்பது ‘இடைக்கு இடை’: இடைவெளி விட்டு இடைவெளி. முதலாவது சம்பவத்தை எண்ணுகிறது, இரண்டாவது சம்பவம் இல்லாத வெற்றிடத்தை எண்ணுகிறது. இரண்டும் நிலத்தில் நடக்கிற சொற்கள், பிறகு நேரத்துக்கு வந்தவை. யாழ்ப்பாணத்தார் வாயில் அதிகம் வரும் ‘நெடுக’ என்பதும் அப்படியே, நீளத்தில் இருந்து காலத்துக்கு வந்தது. ‘நெடுக இதையே கதைக்காதை’ என்றால் அதில் எண்ணிக்கை ஒன்றுமில்லை, எரிச்சல் மட்டுமே உண்டு. ‘ஃப்ரீக்குவென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டினாலும் இலத்தீனில் ‘நெருக்கமாக, கூட்டமாக’ என்ற பொருள்தான் கிடைக்கும். அங்கேயும் முதலில் இடம், பிறகு நேரம். ‘ஒஃபன்’ பழைய ஆங்கிலத்தில் வெறும் ‘ஒஃப்ட்’. ‘செல்டன்’, அதாவது இன்றைய ‘செல்டம்’, அரிதாக என்ற சொல்லுடன் சோடி சேர்ந்தே அதற்கு ‘என்’ என்ற வால் முளைத்திருக்கலாம் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர். எதிர்ச்சொல்லைப் பார்த்து உருவம் மாற்றிக்கொண்ட சொல்!

எனக்கு எல்லாவற்றிலும் நேர்மையானதாகப் படுவது ‘எப்ப பாத்தாலும்’. ‘எப்ப பாத்தாலும் ஃபோனுக்குள்ள’ என்று பிள்ளையைத் திட்டும் தாய், தன்னுடைய ஆய்வுமுறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறாள்: நான் பார்த்த நேரமெல்லாம். இடையில் பார்க்காத நேரத்தைப் பற்றி அவள் எதுவும் கோரவில்லை. இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் எத்தனை தறி சும்மா நிற்கிறது என்பதை அறிய எல். எச். சி. டிப்பெட் என்ற புள்ளிவிவரக்காரர் இதே முறையைத்தான் கையாண்டார். அங்கங்கே போய்க் கண நேரம் பார்ப்பது, குறித்துக்கொள்வது, கூட்டிக் கணக்குப் போடுவது. தொழிற்சாலை நிர்வாகப் பாடங்களில் அது இன்றும் உண்டு. தாய்க்கும் டிப்பெட்டுக்கும் ஒரு வித்தியாசம். அவர் பார்க்கப் போகும் நேரத்தைக் கோபம் தீர்மானிக்கவில்லை.

இனிச் ‘சிலவேளை’. இது இலங்கைத் தமிழில் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கிறது. ‘சிலவேளை நாளைக்கு வருவன்’ என்று திருகோணமலையில் ஒருவர் சொன்னால் ‘வந்தாலும் வருவேன்’ என்பதே பொருள். நாகப்பட்டினத்தில் அந்தச் சொல் சில சமயங்களில் என்பதோடு நின்றுவிடும். ‘வந்தாலும் வருவேன்’ என்பதற்கு அங்கே ‘ஒருவேளை’ வேண்டும். ஆனால் அந்த ‘ஒருவேளை’யும் ஒரு பொழுது என்ற பொருளில் இருந்து வந்ததுதான். ஒருவேளைச் சோறு என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் எட்டிப் பார்க்கும். நடந்த தடவைகளைச் சொன்ன சொல், நடக்கக்கூடியதைச் சொல்லும் சொல்லாக இரு கரையிலும் மாறியிருக்கிறது. நிகழ்தகவு என்பதே நீண்ட ஓட்டத்தில் ஒன்று எத்தனை தரம் நிகழ்கிறது என்பதுதான் என்று ஜோன் வென் 1866இல் புத்தகம் எழுதி வாதாடினார். பேச்சுத் தமிழ் அந்தப் பாலத்தை வாதமில்லாமலே கடந்துவிட்டது. கடந்ததில் ஒரு நட்டமும் உண்டு, அதைப் பார்க்கக் கடலுக்குப் போகவேண்டும்.

உப்புவெளிக் கரையில் வலையும் உண்டு, வெளியே போகும் படகும் உண்டு. கரைவலை என்றால் கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வெளியே போகும். வலையைப் பாதி வட்டமாக வளைத்துக்கொண்டு வந்து மறு தலைப்பைக் கரை சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். மடி கரையேற மணித்தியாலக் கணக்கில் எடுக்கும். இழுவையின் நடுவில் காற்று மாறினால் வலையை விட்டுவிட்டு ஓட முடியாது. 18 அடி ஃபைபர் படகில் வெளியிணைப்பு இயந்திரத்தோடு போகிறவருக்குக் கணக்கு வேறு. மே தொடங்கி அடிக்கும் கச்சான் தரையில் இருந்து கடல் நோக்கி வீசும் காற்று. (வறுத்து விற்கும் கச்சானும் இதுவும் ஒரே பெயர், வெளியூர்க்காரர் குழம்புவது நியாயம்.) கரையில் நின்று பார்த்தால் கடல் தகடுபோலத் தெரியும். வெளியே போன படகின் இயந்திரம் நின்றுவிட்டால் அந்தக் காற்று படகைக் கரைக்குக் கொண்டுவராது, வங்காள விரிகுடாவுக்குள் கொண்டுபோகும். வாடையில் எதிர்மாறு. காற்றும் அலையும் கரையை நோக்கி வரும், படகை இறக்குவதும் ஏற்றுவதும்தான் கண்டம்.

இவர்களுக்காக வளிமண்டலவியல் திணைக்களம் கொழும்பில் இருந்து கடற்பரப்பு அறிவித்தல் விடுகிறது. அதன் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. எந்தத் திசையில் இருந்து காற்று, மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர், கடல் எவ்வளவு கொந்தளிப்பு. அதோடு கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஒட்டிக்கொண்டு வரும் சொல் ஆங்கிலத்தில் ‘அட் டைம்ஸ்’. காற்றின் வேகம் ‘அட் டைம்ஸ்’ 50, 60 வரை கூடும். கடல் ‘அட் டைம்ஸ்’ கொந்தளிக்கும். தமிழில் காதுக்கு வந்து சேரும்போது அது அவ்வப்போது, இடைக்கிடையே, சிலவேளைகளில் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும்.

இந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். காற்றின் வேகத்துக்கு இலக்கம் இருக்கிறது. கடலின் நிலைக்கு மறைவாக இலக்கம் இருக்கிறது: உலக வானிலை அமைப்பின் குறியீட்டில் ‘ரஃப்’ என்ற சொல் வந்தால் அலையின் உயரம் 2.5 முதல் 4 மீற்றர், அதற்கு முந்திய படிக்கு 1.25 முதல் 2.5. ‘அவ்வப்போது’ ஒன்றுக்குத்தான் இலக்கமும் இல்லை, எல்லையும் இல்லை. நான்கு மணித்தியாலம் கடலில் நிற்கப் போகிறவருக்கு அது மூன்று நிமிடக் காற்று மூன்று தரமாகவும் இருக்கலாம். அரை மணித்தியாலம் இரண்டு தரமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு மணித்தியாலத்திலும் நாற்பது நிமிடமாகவும் இருக்கலாம். முதலாவதைச் சமாளிக்கலாம். இரண்டாவதுக்கு அனுபவமும் அதிர்ஷ்டமும் வேண்டும். மூன்றாவதுக்குப் போகவே கூடாது. மூன்றுக்கும் ஒரே சொல் வருகிறது.

கொழும்பில் எழுதுகிறவர் தலைக்குள் ஒரு வழமை இருக்கும். பருவக்காற்றுக் காலத்தில் வேகம் ஏறி இறங்குவது அவருக்கு அன்றாடம். கேட்கிறவர் தலைக்குள் இருக்கும் வழமை தான் இறங்கும் கரை, தன்னுடைய படகின் நீளம், போன கிழமை இதே அறிவித்தலைக் கேட்டுவிட்டுப் போய் ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்த அனுபவம். ஒரே நாட்காட்டி இரண்டு பேரின் தலையிலும் இருந்தபடியால்தான் யூலை மழைப் பேச்சு பிழைக்கவில்லை. இங்கே அந்தப் பொது நாட்காட்டி கிடையாது. நாள் தவறாமல் வரும் சொல்லாக ‘அவ்வப்போது’ ஆகிவிட்டால், ஷ்வார்ஸின் விடைப்பட்டியல்போல அதுவே வழமையின் நடுவாகிவிடும். பிறகு அது எச்சரிக்கை என்று யாருக்கும் படாது.

‘சிலவேளை’ வந்தால் இன்னொரு முடிச்சு. ‘சிலவேளை காற்று 60 கிலோமீற்றரைத் தொடும்’ என்ற ஒரே வாக்கியம் நாகப்பட்டினத்தில் ‘சில சமயங்களில் தொடும்’ என்று கேட்கும், அதாவது தொடுவது நிச்சயம், தடவைதான் தெரியாது. உப்புவெளியில் ‘தொட்டாலும் தொடும்’ என்று கேட்கும், அதாவது தொடுவதே சந்தேகம். அறிவித்தலில் ‘சிலவேளைகளில்’ என்று பன்மையில் எழுதினால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீரும். றேடியோவில் வேகமாக வாசிக்கும்போது அந்தக் கடைசி அசைகள் காதில் விழுமா என்பது வேறு கதை.

இதை ஒழுங்குபடுத்த முடியாது என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் பக்கத்திலேயே ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். உப்புவெளியில் இருந்து குடாவைச் சுற்றிக் கொஞ்சத் தூரம் போனால் சீனக்குடா விமானத்தளம். விமானிகளுக்கான முன்னறிவிப்பு எழுதப்படும் சர்வதேச மொழியில் ‘டெம்போ’ என்றொரு குறிச்சொல் இருக்கிறது; தற்காலிகமாக என்ற சொல்லின் சுருக்கம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி அதற்கு இரண்டு வரம்பு உண்டு. மாற்றம் ஒவ்வொரு தரமும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாகவே நீடிக்கவேண்டும். எல்லாத் தரத்தையும் கூட்டினால் குறிப்பிட்ட காலத்தில் பாதிக்குக் குறைவாகவே வரவேண்டும். அதற்கு மேல் போகும் என்று தோன்றினால் அந்தச் சொல்லைப் பாவிக்கக் கூடாது, வேறு சொல் இருக்கிறது. நான்கு மணித்தியாலத்துக்கு ‘டெம்போ’ என்று போட்டிருந்தால் கெட்ட காலநிலை மொத்தமாக இரண்டு மணித்தியாலத்தை எட்டாது, ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலத்தையும் எட்டாது என்பது விமானிக்குத் தெரியும். எரிபொருளை அதற்கேற்பப் போட்டுக்கொள்வார்.

அதே விதிப்புத்தகத்தில் ‘ஃப்ரீக்குவென்ட்’ என்ற சொல்லும் உண்டு, இடிமுகில்களுக்கு. அங்கே அது நேரத்தைப் பற்றிய சொல்லே இல்லை. குறிப்பிட்ட பரப்பில் 75 வீதத்துக்கு மேல் இடிமுகில் மூடியிருந்தால் ‘ஃப்ரீக்குவென்ட்’; 50க்கும் 75க்கும் இடையில் என்றால் ‘ஒக்கேஷனல்’; 50க்குக் குறைந்தால் ‘ஐசொலேட்டட்’. அடிக்கு அடி முகில்! சொல் தன் இலத்தீன் வேருக்கே திரும்பிப் போயிருக்கிறது.

கப்பல்காரர்களும் விட்டவர்கள் இல்லை. கொட்டியாரக் குடாவின் கிழக்கு முனையில் 1863இல் ஒரு வெளிச்சவீடு கட்டினார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் இருட்டில் முனையை அடையாளம் காண. கடல் விளக்குகளில் எந்த விளக்கு எது என்பதை மினுங்கும் ஒழுங்கை வைத்துத்தான் அறிவார்கள். வரைபடத்தில் ‘குவிக்’ என்று எழுதிய விளக்கு நிமிடத்துக்கு 50 தரமாவது மினுங்கவேண்டும், 80ஐத் தொட்டால் அது ‘வெரி குவிக்’. ஒரு மாலுமி நின்று எண்ணிச் சரிபார்க்கலாம். பிரித்தானியாவின் கப்பல் முன்னறிவிப்பில் ‘இமினென்ட்’ என்றால் ஆறு மணித்தியாலத்துக்குள், ‘சூன்’ என்றால் ஆறு முதல் பன்னிரண்டு, ‘லேட்டர்’ என்றால் அதற்குப் பிறகு. ‘கொஞ்சம் பொறுத்து’ போன்ற ஒரு வீட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து மணிக்கூட்டில் கட்டியிருக்கிறார்கள்.

சொல்லை வீசிவிட்டு வீதத்தைக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று ஒரு கட்சி உண்டு. அமெரிக்காவில் 1960களின் நடுவில் இருந்து மழைக்கு வீதக் கணக்கில்தான் முன்னறிவிப்பு. 2005இல் கெர்ட் கிகரென்சரும் கூட்டாளிகளும் ஐந்து நகரங்களில், ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயோர்க்கில், ‘நாளைக்கு மழைக்கு 30 வீத வாய்ப்பு’ என்றால் என்ன என்று தெருவில் போனவர்களைக் கேட்டார்கள். நாளின் 30 வீத நேரம் பெய்யும் என்றார்கள் சிலர். ஊரின் 30 வீத இடத்தில் பெய்யும் என்றார்கள் சிலர். நாளையைப் போன்ற நாட்களில் நூற்றுக்கு 30இல் பெய்யும் என்ற சரியான விளக்கத்தைப் பெரும்பான்மையோர் தெரிவுசெய்தது நியூயோர்க்கில் மட்டும்தான். இலக்கம் துல்லியமாக இருந்தது, எதில் 30 என்பதுதான் சொல்லப்படவில்லை. ரியூசன் அட்டவணையின் 70க்கும் இதே வருத்தம்தான்.

வரையறுத்துவிட்டாலும் சனங்களுக்குச் சொல்லாவிட்டால் அதுவும் பயனில்லை. ஐரோப்பாவில் மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளில் பக்கவிளைவு ‘கொமன்’ என்று இருந்தால், நூறு பேருக்கு ஒருவர் முதல் பத்துப் பேருக்கு ஒருவர் வரை என்று பொருள். ‘ரெயர்’ என்றால் பத்தாயிரத்துக்கு ஒருவர் முதல் ஆயிரத்துக்கு ஒருவர் வரை. தாளைப் படித்தவர்களைக் கேட்டால் அவர்கள் நினைப்பது இதற்கு எத்தனையோ மடங்கு கூட. எழுதியவர்களின் அகராதி படித்தவர்கள் கையில் இல்லை.

புயல் விஷயத்தில் இதன் விலை பெரிது. 1964 டிசம்பரில் திருகோணமலைப் பக்கமாக இலங்கையைக் கடந்துபோன புயல்தான் தனுஷ்கோடியை விழுங்கியது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு. 2000 டிசம்பரில் திரும்பவும் திருகோணமலைக் கரை. 2020 டிசம்பர் 2 இரவு ‘புரெவி’, திருகோணமலைக்கு வடக்கே. 2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ நாட்டையே புரட்டிப்போட்டது. கிழக்குக் கரையில் வயதான ஒருவர் இவை எல்லாவற்றையும் கண்டிருப்பார். அவருக்குப் புயல் அபூர்வமில்லை. ஒரு தனிக் கரைத்துண்டுக்கு, ஒரு தனி வீட்டுக்கு அது அபூர்வம்தான். அபூர்வம் என்பவரும் இல்லை என்பவரும் உண்மையே பேசுகிறார்கள், எண்ணும் நிலப்பரப்புத்தான் வேறு. பொறியியலாளர் ‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்று சொல்லும்போது ‘அப்ப எங்கட காலத்தில வராது’ என்று காது மொழிபெயர்த்துக்கொள்கிறது. அவர் சொன்னது எந்த ஆண்டை எடுத்தாலும் நூற்றுக்கு ஒன்று என்பது. முப்பது ஆண்டு கடன்பட்டுக் கட்டிய வீட்டுக்கு, கடன் தீருமுன் அந்த வெள்ளம் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 வீத வாய்ப்பு. நாலில் ஒன்று. இதை யாரும் ‘அரிது’ என்று சொல்லி வீடு விற்கமாட்டார்கள். ‘நூறாண்டுக்கு ஒருமுறை’ என்று சொல்லி விற்றுவிடலாம்.

கடற்பரப்பு அறிவித்தலுக்குத் திரும்பினால், வேண்டியது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. விமானிக்குக் கொடுக்கும் இரண்டு வரம்பு மீனவருக்கும் வேண்டும்: ஒரு தரம் அடித்தால் எவ்வளவு நேரம், எல்லாம் சேர்த்து எவ்வளவு நேரம். எத்தனை தரம் என்பதைவிட இந்த இரண்டுமே படகுக்கு முக்கியம். வானிலைக்காரருக்கே அது திட்டமாகத் தெரியாது என்று சொல்லலாம், உண்மைதான். ‘டெம்போ’ எழுதுகிறவருக்கும் திட்டமாகத் தெரியாது; அவர் மேல் எல்லையைத்தான் எழுதுகிறார். அதோடு 24 மணித்தியாலத்துக்கு ஒரே வாக்கியம் என்ற பழக்கமும் போகவேண்டும். 24இல் பாதிக்குக் குறைவு என்றால் 11 மணித்தியாலமும் அதற்குள் அடங்கிவிடும், அதைக் கேட்டு யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. விடியப்புறம் மூன்றில் இருந்து காலை ஒன்பது வரை என்று பிரித்துச் சொன்னால் அது வலை வளைக்கிறவரின் நாளோடு பொருந்தும்.

‘அதிகாலை மூன்று முதல் ஒன்பது மணி வரை திருகோணமலைக் கடற்பரப்பில் காற்று இடைக்கிடை 60 கிலோமீற்றர் வரை அடிக்கும், ஒரு தரம் அடித்தால் அரை மணித்தியாலத்துக்கு உள்ளே தணியும், மொத்தம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகாது.’ இப்போது வாசிப்பதைவிட ஒரு வரிதான் கூட. இடைக்கிடை என்ற சொல்லைக்கூட எடுக்கவேண்டியதில்லை. அதற்குப் பின்னால் வரும் இரண்டு துண்டும் இருந்தால் போதும், போவதா நிற்பதா என்பதைக் கரைவலைச் சம்மாட்டி பார்த்துக்கொள்வார்.